டைரக்ட் கொடு, மாப்ள

எங்கள் பள்ளத்தாக்கில் ஒயரிங் பழுதுக்கு ஒரே வைத்தியம்தான்: டைரக்ட். ஜீப்பில் சாவி போடும் இடம் தேய்ந்துபோனால் டைரக்ட். ஹாரன் பொத்தான் ஒட்டிக்கொண்டால் டைரக்ட். கோளாறான சுவிட்சைக் கடாசிவிட்டு, அதற்கு வந்த இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது. தேனியில் நான் வாகன ஒயரிங் கடை வைத்திருந்த காலத்தில், என் உழைப்பில் பாதி பிறர் கொடுத்த டைரக்டைப் பிரிப்பதிலேயே போனது. ஆனால் ஒரு வாட்டர் ஸ்கூட்டர் படுத்திய பாட்டை வேறு எதுவும் படுத்தவில்லை.

அது என் அக்கா வீட்டுக்காரருடையது. கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த மனுஷன். அவருடைய கூட்டாளி ஒருவர் குமுளி ரோட்டில் ஒரு விடுதி கட்டினார். விடுதிக்குப் பின்னால் கைவிட்ட கல் குவாரி, அதில் வருஷக்கணக்காகத் தேங்கிய தண்ணீர். தேக்கடிக்குப் போகிறவர்கள் சாப்பிட இறங்குவார்கள், அவர்களைத் தண்ணீரில் ஒரு சுற்று கூட்டிப்போனால் கூட்டம் கூடும் என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டார்கள். மச்சான் கொச்சிக்குப் போய், யாரோ ஓட்டித் தேய்த்த வாட்டர் ஸ்கூட்டரை வாங்கி வந்துவிட்டார். தண்ணீரில் ஓடுகிற பைக்தானே, இதில் என்ன பெரிய வித்தை என்றார். அவருக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீரில்கூட வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள்.

வண்டி குட்டியானை டெம்போவில் ஏறி என் கடைக்கு வந்தபோது, கம்பத்து ஜீப் எலக்ட்ரீசியன் ஒருவர் ஏற்கெனவே அதில் கைவரிசையைக் காட்டியிருந்தார். ஜீப்பில் இரும்பு உடம்பே எர்த். ஒரு ஒயரை உடம்பில் எங்கே முடுக்கினாலும் கரண்ட் திரும்பிவிடும். அதே பழக்கத்தில், பாட்டரிக்குத் திரும்ப வேண்டிய கறுப்பு ஒயரை வெட்டி இதன் உடம்பில் திருகாணி போட்டு முடுக்கி வைத்திருந்தார். இதன் உடம்போ ஃபைபர். பிளாஸ்டிக் வாளியில் எர்த் எடுத்த கதைதான். போதாததற்கு, ஸ்டார்ட் பண்ண வீட்டு டியூப்லைட் சுவிட்ச் ஒன்றை ஹேண்டில் பக்கத்தில் பொருத்தியிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தேன்.

எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவந்தபோது, ஹேண்டிலில் இருந்த சிவப்புப் பொத்தானையும் சரிசெய்தேன். அது மேலே எழும்பி நின்றால்தான் என்ஜின் ஓடும், அதற்கு அதன் அடியில் ஒரு கிளிப் செருக வேண்டும். கிளிப்பிலிருந்து சுருள் கயிறு ஒன்று ஓட்டுகிறவரின் மணிக்கட்டுக்குப் போகும். ஆள் விழுந்தால் கயிறு இழுக்கும், கிளிப் கழன்றுவிடும், பொத்தான் உள்ளே இறங்கி என்ஜின் நின்றுவிடும். இல்லாவிட்டால் வண்டி ஆளை விட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இதை நான் விளக்கிச் சொன்னது மச்சானுக்கு. கூடவே வந்திருந்த அக்காதான் கவனமாகக் கேட்டாள். மச்சான் டீ குடிக்கப் போன பிறகு என்னிடம், "ஏலே, அப்ப இந்தச் சிவப்புலதான் அவுக உசுரு இருக்குன்னு சொல்லு" என்றாள். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது என் தலைவலி. வண்டி என் கடையில் தைத் தைத் என்று ஓடும். குவாரிக்குப் போனால் ஓடாது, ஓடினாலும் பாதியில் நிற்கும். மச்சானிடமிருந்து மிஸ்டு கால் வரும். கூப்பிட்டால், "என்னத்த மாப்ள பாத்த" என்று தொடங்குவார். மறுபடி குட்டியானை வரும். நான் வண்டியைத் துடைத்துவிட்டு மீட்டரை வைப்பேன். பாட்டரி சரி. ஒயர் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன், சரி. இணைப்புகளைக் கழற்றிக் காயவைத்து கிரீஸ் தடவினேன், சரி. என்ஜின் சூடாகாமலிருக்கத் தொட்டியிலிருந்து டியூபில் தண்ணீர் கொடுத்து ஓட்டினால் குழந்தை மாதிரி ஓடியது. அனுப்பி வைப்பேன். மறுநாளே மிஸ்டு கால். மற்ற வேலையெல்லாம் கிடப்பில் கிடந்தது, ஜீப்காரர்கள் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். என் தொழில்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ராத்திரி சோற்றில் கை வைத்தால்கூட அந்தச் சனியன்தான் ஞாபகத்துக்கு வந்தது.

கடைசியில் நானே பஸ் ஏறிக் குவாரிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, விடுதியில் மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய. வண்டி கரையில் மிதந்துகொண்டு சும்மா நின்றது. மச்சான் என்னை வா என்றுகூடக் கேட்கவில்லை. கம்பத்து ஆள் சொல்லிவிட்டாராம், சிவப்புப் பொத்தான்தான் கோளாறாம், அதைத் தூக்கிவிட்டால் தீர்ந்ததாம்.

"டைரக்ட் கொடு, மாப்ள. சனம் காத்துக்கிட்டு நிக்கிது" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அன்று மீட்டரை வைத்தபோது பழுது அந்தப் பொத்தானில்தான் தெரிந்தது. இரண்டு ஒயரையும் முறுக்கினால் ஒரு நிமிஷத்தில் ஓடும். அவர் விழுந்தாலும் ஓடும். முடியாது என்றேன். ஊரெல்லாம் செய்வதை நீ ஏன் செய்யமாட்டேன் என்கிறாய் என்று அவரும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நானும், வந்தவர்கள் வேடிக்கை பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டோம்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் அக்கா தட்டோடு வந்தாள். எங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் வண்டிக்குச் சூடம் காட்டினாள். முகப்பில் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு குழைத்த சந்தனத்தை வழித்து, அந்தச் சிவப்புப் பொத்தானைச் சுற்றி, இடுக்கெல்லாம் நிறையும்படி அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக் கண்ணை மூடினாள்.

நான் குனிந்து அந்த இடுக்கைப் பார்த்தேன். சந்தனம் இல்லாத வண்டி என் கடைக்கு வந்ததே கிடையாது. வந்ததும் பெட்ரோல் துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது என் கையோடு பிறந்த பழக்கம். ஒவ்வொரு முறையும் பழுதைத் துடைத்து எறிந்துவிட்டுத்தான் அதைத் தேடியிருக்கிறேன். இங்கே துடைக்க ஆளில்லாமல் பழைய சந்தனம் காய்ந்து இறுகி, பொத்தானை மேலே எழும்பவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது.

"தினமும் இங்கனதான் வைக்கிறியா?"

"நீதானல சொன்ன, இதுலதான் உசுரு இருக்குன்னு."

அக்காவிடம் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. பொத்தானைக் கழற்றி, பழைய பல் பிரஷால் தேய்த்து மாட்டினேன். முகப்பைக் காட்டி, பொட்டு இனி அங்கே மட்டும்தான் என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, மச்சானின் தொந்திக்கு எட்டாத மிதவைச் சட்டையைக் கயிற்றால் இழுத்துக் கட்டினாள். சுருள் கயிற்றை அவர் மணிக்கட்டில் அவளே மாட்டினாள்.

மச்சான் ஏறிக் கிளிப்பைச் செருகி ஸ்டார்ட் பண்ணியதுமே என்ஜின் பிடித்துக்கொண்டது. எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நடுக்குவாரிக்குப் போய், கரையில் நின்ற கூட்டத்துக்காக ஒரு பக்கமாகச் சாய்த்து ஒடித்துத் திருப்பினார். வண்டி திரும்பியது, அவர் திரும்பவில்லை. தண்ணீர் எகிறியது. என்ஜின் சத்தம் பட்டென்று நின்றது. அக்கா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. மிதவைச் சட்டை அவரை மேலே தூக்கியது. வண்டி கொஞ்சம் தள்ளி அசையாமல் மிதந்தது. அவர் தண்ணீரை அடித்து அடித்து எப்படியோ அதை எட்டிப் பிடித்துத் தொங்கினார். விடுதிப் பையன்கள் காற்றடைத்த லாரி டியூபில் போய் இழுத்து வந்தார்கள்.

கரையேறியதும் மூச்சு வாங்க, என்மேல் பாய்ந்தார்.

"பாத்தியா மாப்ள? நீ பாத்த வேலைய நீயே பாத்துக்க. மறுபடியும் நின்னுருச்சுல்ல? இப்பவாச்சும் டைரக்ட் கொடு."

அக்கா அவர் கையைப் பிடித்து உயர்த்தினாள். மணிக்கட்டில் சுருள் கயிறு தொங்கியது, அதன் முனையில் கிளிப். அவர் அதைப் பார்த்தார். பிறகு திரும்பித் தண்ணீரைப் பார்த்தார்.

"நிக்கலைன்னா எங்கன போயிருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

எதிர்க்கரைப் பாறையைக் காட்டினேன். மச்சான் ஈர வேட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அவர் கையை விடவேயில்லை.