கண் டொக்டரிடம் நூற்றுக்கு நூறு

1987 மார்ச் 10, செவ்வாய். காலை 5.10க்கு எழும்பினேன். வெளியே குளிர் மைனஸ் ஆறு. தேநீர், சவரம், சீருடை. 6.05க்கு ரெக்ஸ்டேல் வீட்டிலிருந்து கார் எடுத்து, 6.40க்கு மிசிசாகாவில் வேலைத்தலம். வங்கிகளுக்கிடையே பணம் கொண்டு ஓடும் இரும்பு வான் வண்டியில் நான் காவலாள். இடுப்பில் ஒரு ரிவோல்வர் உண்டு. வேலை முடிந்ததும் அதைக் கையெழுத்து வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

வழமையான நாள்தான், ஒன்றைத் தவிர. அன்று வருடாந்தச் சுடும் பரீட்சை. ஐம்பது குண்டு. குறைந்தது நாற்பது இலக்கில் பட வேண்டும்.

எனக்குப் பட்டது முப்பத்தொன்று!

ஐந்து வருடமாக நாற்பத்தாறுக்குக் கீழே போகாதவன் நான். கை நடுங்கவில்லை. இலக்கு பளிச்சென்று தெரிந்தது. தாளின் மூலையில் அச்சடித்த சின்ன எழுத்தைக்கூட வாசிக்க முடிந்தது. பிறகு ஏன்?

பரீட்சை எடுப்பவர் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், வெள்ளைக்காரர். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எது தெளிவாகத் தெரிகிறது?"

"இலக்கு, சேர்."

"துப்பாக்கி நுனியில் இருக்கும் முள்?"

யோசித்தேன். ரிவோல்வரின் பின்பக்கம் ஒரு சிறிய வெட்டு. முன்னால், குழல் நுனியில் ஒரு முள். வெட்டுக்கு நடுவே முள்ளை நிறுத்திச் சுட வேண்டும். அந்த முள்... கொஞ்சக் காலமாக ஒரு கறுப்புப் புகை போலத்தான் இருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. சுடுவது இலக்கையா, முள்ளையா?

"தலைகீழாகப் பார்க்கிறாய்," என்றார் அவர். "இலக்கு மங்கலாம், பரவாயில்லை. முள் மங்கினால் முடிந்தது கதை. உனக்கு வயது நாற்பத்தைந்து தாண்டியிருக்கும். கண் டொக்டரிடம் போ. மூன்று கிழமை தருகிறேன். 31ஆம் திகதி திரும்பச் சுடு."

அதிலும் தவறினால்? துப்பாக்கி இல்லை. துப்பாக்கி இல்லையென்றால் வேலையும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி லீலா முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டார்.

"என்னப்பா, முகம் ஏன் உப்பிடிக் கிடக்கு?"

"ஃபெயில்."

"ஃபெயிலோ? நீங்களோ?" என்றவர் மேசைப் பக்கம் பார்த்துக் கேட்டார்: "அப்ப... அம்மாவையளின்ரை பேப்பர்?"

அதுதான் விஷயம். கொழும்பில் ஒரு வாடகை அறையில் லீலாவின் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். அவர்களை இங்கே வரவழைக்க ஸ்பொன்சர் பண்ணும் படிவங்கள் மேசை லாச்சிக்குள் நிரப்பியபடி கிடந்தன. இனிச் சேர்க்க இருந்தது ஒன்றே ஒன்று – என் வேலைக் கடிதம். மார்ச் முடிவில் கேட்கலாம் என்று வைத்திருந்தேன். வேலை போனவனுக்கு யார் வேலைக் கடிதம் கொடுப்பார்கள்?

"பயப்பிடாதையும்," என்றேன். "கண்ணாடி ஒண்டு போட்டால் சரி."

இனி நான் செய்ததைக் கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள்.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கண் டொக்டர் அம்மாவிடம் கண் காட்டியிருந்தேன். அன்றைய பக்கத்தைப் புரட்டினேன். "சுவர் அட்டையில் கடைசி வரி எட்டு எழுத்து. ஏழு சரி, ஒன்று பிழை" என்று எழுதியிருந்தது. கீழே அந்த எட்டு எழுத்தும் வரிசையாக! பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் சரியான விடையைக் கேட்டுப் பார்ப்போமே, அந்தப் பழக்கத்தில் டொக்டரிடமே கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

12ஆம் திகதி, வியாழன். அதே டொக்டரிடம் போய்க் காத்திருந்த நேரத்தில் அந்த எட்டையும் இரண்டு முறை மனதுக்குள் சொல்லி மீட்டினேன். ஏன் மீட்டினேன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சோதனை என்றால் மீட்டத்தானே வேண்டும்?

அதே அட்டை. எட்டும் சரி. கிட்டப் பார்க்கும் சின்ன அட்டையை, டொக்டர் குனிந்து எழுதிய நேரம் பார்த்துக் கையை நீட்டிப் பிடித்து வாசித்துவிட்டேன். "இந்தக் கண்ணாடி நல்லமா, அந்தக் கண்ணாடி நல்லமா?" என்று மாற்றி மாற்றிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே விடை வந்தால் சந்தேகப்படுவார் என்று இடைக்கிடை மாற்றிச் சொன்னேன்.

துப்பாக்கி, முள் என்று ஒரு சொல்கூட நான் வாய் திறக்கவில்லை. டொக்டர் என்னைப் பாராட்டினார். கண்ணாடி வேண்டும் என்று நான் விடாமல் கேட்டதால், ஏதோ சின்னதாக ஒன்று எழுதித் தந்தார். பெருமையோடு வந்தேன்.

16ஆம் திகதி மாலை ரெலிபோன். பேசியவர் நடராசா மாஸ்டர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே மிசிசாகாவில் கண்ணாடி வில்லைகள் தீட்டும் இடத்தில் வேலை.

"தியாகு, கண் டொக்டரிட்டைப் போனனீரோ?"

"ஓம் மாஸ்டர்."

"உம்மடை ஓடர் என்ரை மேசையில கிடக்கு. உமக்கு இப்ப என்ன வயசு?"

"நாப்பத்தாறு."

"நாப்பத்தாறு வயசில உப்பிடிச் சின்ன நம்பர் வாறேல்லை. உது யன்னல் கண்ணாடி ஐசே! உண்மையைச் சொல்லும், கொப்பியடிச்சனீரோ?"

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இருவது வருசம் படிப்பிச்சனான். முப்பது எடுக்கிற பொடியன் நூறு எடுத்தால் எனக்குத் தெரியாதோ?"

"பழைய பேப்பர் கையில இருந்தது, மாஸ்டர்..."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு முழுக் கதையையும் சொன்னேன். முள், புகை, 31ஆம் திகதி, லீலாவின் பெற்றோர். இப்போது மாஸ்டர் சிரிக்கவில்லை.

"கண்ணிலயிருந்து அந்த முள்ளுக்கு எவ்வளவு தூரம்? அளந்து கொண்டுபோய் டொக்டரிட்டைக் குடும். நீர் வானில இருக்கேக்கை தூரமும் தெரிய வேணும். அதாலை முழுக் கண்ணாடியும் மாத்தக்கூடாது. வாசிக்கிற துண்டை எல்லாருக்கும் கீழை வைக்கிறம். உமக்கு வலப்பக்கக் கண்ணாடியில மட்டும் அதை மேலை வைப்பம். தலையைக் கொஞ்சம் குனிஞ்சால் முள்ளு, நிமிர்ந்தால் றோட்டு. டொக்டர் ஓம் எண்டால் நான் செய்து தாறன். முதல்ல போய் உண்மையைச் சொல்லும்!"

மறுநாள் பொலிஸ்காரர் அளவு நாடா பிடித்தார். சுடும்போது நிற்கும்படியே நிற்கவைத்து அளந்தார்; கண்ணிலிருந்து முள் வரை இருபத்தாறு அங்குலம். அடுத்த நாள் டொக்டர் முன் உட்கார்ந்து குற்றத்தை ஒப்புக்கொண்டேன். பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார் அந்த அம்மா.

"இந்த அறையில் நீ பிழை விட்டால்தான் எனக்கு உதவி," என்றார்.

எவ்வளவு எளிய விஷயம்! ஆனால் நமக்கு ஏறுகிறதா? நெஞ்சு நோகிறதா என்று டொக்டர் கேட்டால் "இல்லை, சுகம்." பிள்ளைக்குப் பாடம் விளங்குகிறதா என்று ரீச்சர் கேட்டால் "ஓம், எல்லாம் விளங்குது." யார் என்ன கேட்டாலும் மார்க்ஸ் போடத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தே பழகிவிட்டோம். உதவி செய்யக் கேட்கும் ஆட்களையும் ஏமாற்றிப் பாஸாகிவிட்டு வீட்டுக்கு வருகிறோம்.

அன்று டொக்டர் சுவர் அட்டையை மாற்றிவிட்டு, கிட்டப் பார்க்கும் அட்டையைத் தன் கையாலேயே பிடித்தார். அதில் கடைசி மூன்று வரியும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

27ஆம் திகதி கண்ணாடி வந்தது. வலப்பக்க வில்லையின் மேல்மூலையில் பிறைபோல ஒரு துண்டு.

"உதென்னப்பா, தலைகீழாய்ப் போட்டுட்டினம்?" என்றார் லீலா.

"சரியாய்த்தான் போட்டிருக்கு." கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்தித் தலையைக் கொஞ்சம் குனிந்தேன். நகத்தில் இருந்த கீறல் வரை தெரிந்தது! அதற்குப் பின்னால் லீலா மட்டும் பனிமூட்டத்தில் நின்றார்.

"என்னைத் தெரியுதோ?"

"மங்கலாய்..."

"நல்லது. நரைமயிர் தெரியாது," என்றுவிட்டுக் குசினிக்குள் போனார்.

31ஆம் திகதி, செவ்வாய். பொலிஸ்காரர் என் ரிவோல்வரின் முள்ளைத் துடைத்து, அதன் பின்முகத்தில் மெல்லிய தூரிகையால் ஒரு பொட்டு வெள்ளைப் பெயின்ற் வைத்துக் காயவிட்டார். "என்னுடையதிலும் இருக்கிறது. ஐம்பது வயதில் வைத்தது," என்றார். ஒருவருக்கும் சொல்லாதே என்று சொல்லவில்லை. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்.

குனிந்தேன். கறுப்பு வெட்டுக்கு நடுவே வெள்ளைப் பொட்டு, அரிசிமணி போல, அசையாமல் நின்றது. இலக்கு வெறும் சாம்பல் நிறத் திட்டு. அதை எட்டிப் பார்க்கச் சொல்லி மனம் இழுத்தது. விடவில்லை. பொட்டு, மூச்சு, விசை. பொட்டு, மூச்சு, விசை. ஐம்பது முறை.

பொலிஸ்காரர் தாளோடு திரும்பி வர எடுத்த நேரம் என் நாட்குறிப்பில் இல்லை. மணிக்கூடு பார்க்க மறந்துவிட்டேன்.

நாற்பத்துமூன்று.

வீட்டுக்குப் போன் எடுத்து எண்ணை மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, இருட்டமுதல் வெள்ளண வாங்கோ."

மறுநாள் புதன், காலை எட்டு மணி. வேலைத்தலத்தில் அலுவலக யன்னல் திறந்ததும் முதல் ஆளாக நின்று வேலைக் கடிதம் கேட்டேன். எதற்கு என்றார் கிளார்க் பெண். மாமியாரை என் வீட்டோடு வரவழைக்க என்றேன்.

"போ, போ," என்றார் அவர். "இன்று ஏப்ரல் முதலாம் திகதி என்பது எனக்கும் தெரியும்!"