சேலைக்குள் ஓடிய பிளாஷ் வயர்

பிளாஷைக் கேமராவின் தலையிலேயே வைத்து அடித்தால் மணப்பெண்ணின் முகம் மா பூசியது போல வரும். பின்சுவரில் அவளுடைய நிழல் கறுப்பாக, இன்னொரு ஆள் நிற்பது போல விழும். நான் எடுத்த முதல் கல்யாணப் படங்கள் எல்லாம் அப்படித்தான் வந்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு மாத்தளை டவுனில் ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களுக்கு அவரைக் கூப்பிடுவார்கள். ஆண்கள் பக்கம் அவர் எடுப்பார். மணப்பெண் இருக்கும் அறைக்குள் அவர் போக முடியாது. அதனால் பெண்ணின் படமே இல்லாமல் ஆல்பம் முடிந்துவிடும். ஒருநாள் அவர் கேமராவை என் கையில் தந்து, உள்ளே போய் எடுத்துக்கொண்டு வா என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கேமராவில் இருந்த எண்களை மட்டும் படித்துக்கொண்டேன். அது போதுமாக இருந்தது. கொஞ்ச காலத்தில் பெண்கள் பக்கம் என்றாலே என்னைத்தான் கேட்டார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்த பெண்ணின் முகம் அழகாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் பக்கத்திலிருந்து வருகிறது, அதுதான் விஷயம். அப்படியென்றால் பிளாஷைக் கழற்றிக் கையில் தள்ளிப் பிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு சாமான் வேண்டும். ஒன்று வயர். கேமராவின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, வயரின் ஒரு முனை அதில் போகும். மற்றது அடாப்டர். பிளாஷின் காலைச் செருகுவதற்கு ஒரு சின்னக் கட்டை. அதிலும் ஓர் ஓட்டை. வயரின் மறுமுனை அங்கே போகும்.

இரண்டையும் வாங்க அவரும் நானும் கண்டிக்குப் போனோம். கடைக்காரர் முதலில் சுருள் வயரைக் காட்டினார், டெலிபோன் வயர் மாதிரி. என் வீட்டுக்காரருக்கு அது பிடித்தது. நான் இழுத்துப் பார்த்தேன். கை நீள நீள அது திருப்பி இழுத்தது. அந்த இழுவைக்கு முனை கேமராவிலிருந்து கழன்று விழும். வேண்டாம் என்றேன். அடுத்தது நேர் வயர், நல்ல நீளம். ஆனால் கல்யாண அறையில் பாய் விரித்துப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் காலுக்குள் ஓடும். தொங்குகிற வயரை யாராவது மிதிப்பார்கள். இல்லாவிட்டால் ஒரு பிள்ளை பிடித்து இழுக்கும்.

நின்று யோசித்தேன். வலது கையில் கேமரா, இடது கையில் பிளாஷ். வயர் வலது மணிக்கட்டில் தொடங்கி, ரவிக்கைக் கைக்குள் ஏறி, முதுகில் முந்தானைக்கு அடியில் போய், இடது கைக்குள் இறங்கினால் யாருக்கும் தெரியாது. யாரும் மிதிக்கவும் முடியாது. நேர் வயரை எடுத்து, இரண்டு கையையும் விரித்து நீளம் பார்த்தேன்.

“என்ன தங்கச்சி, பூவா வாங்குறீங்க, மொழம் போட்டுப் பாக்குறீங்க?” என்றார் கடைக்காரர்.

“பூன்னா தலையோட சரி. இது ரெண்டு கைக்கும் எட்டணும்,” என்றேன்.

எட்டியது. முழங்கை மடக்கக் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அடாப்டரில் இரும்பால் செய்ததை எடுத்தேன். பிளாஸ்டிக் லேசு, ஆனால் உடைந்துவிடும். வயரின் முனை ஓட்டையில் லூசாக இருந்தது. வீட்டுக்கு வந்து குறட்டால் அதன் வளையத்தை மெதுவாக நெரித்தேன். பிறகு இறுகப் பிடித்தது. முழுக்கை வைத்து ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டேன். போகிற வீடுகளுக்கு அது மரியாதையாகவும் இருந்தது.

அப்படிப் பல கல்யாணம் எடுத்தேன். படங்கள் நன்றாக வந்தன. அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் நாவுலப் பக்கத்திலிருந்து ஒரு தாய் ஸ்டூடியோவுக்கு வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அந்த வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய மகளுக்குக் கல்யாணம். மகள் தடித்த கண்ணாடி போட்டவள். கல்யாணம் பேசி முடித்த அன்று உறவுக்காரப் பெண் ஒருத்தி எடுத்த படத்தை மேசையில் வைத்தார். கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு வெள்ளை வட்டம்.

“இவட வாப்பா சவூதியில ஈக்கிறார். கல்யாணத்துக்கு லீவு குடுக்கல்ல. இந்தப் படத்த அனுப்பினா மகள்ட கண்ண எங்க போய்த் தேடுவார்?” என்றார்.

கண்ணாடியைக் கழற்றி எடுக்கலாமே என்றார் என் வீட்டுக்காரர். லாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. தகப்பன் விட்டுப் போகும்போதே மகள் முகத்தில் கண்ணாடிதான், கழற்றினால் அது வேறு யாரோ பிள்ளை என்றார். பக்கத்திலிருந்து அடித்தால் கண் தெரியும் என்று நான் சொன்னேன். வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

கல்யாணத்தன்று என் வீட்டுக்காரர் காலையிலேயே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டார். எப்போதும் இருவரும் யாருடைய வேனிலாவது போவோம். அன்று நான் தனியாகப் பஸ் ஏறினேன். வயரை உடம்பில் ஓடவிட்டு ஊக்குக் குத்த நேரம் எடுக்கும். கல்யாண வீட்டில் அதற்கு மறைவும் கிடைக்காது. அதனால் வீட்டிலேயே வயரைப் போட்டுக்கொண்டு, மேலே சேலையைக் கட்டிவிட்டேன்.

வழியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். யுத்தம் நடந்த அந்த நாட்களில் அது வழக்கம்தான். பெண்களை ஒரு பொலிஸ்காரி தடவிப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். பையில் பிளாஷ் பெட்டரி. சேலைக்குள் வயர். குண்டு கட்டிக்கொண்டு வந்தவள் என்றுதான் நினைப்பார்கள். அப்படி ஒரு பெண்ணை அந்த வருடங்களில் யாரும் நிறுத்தி வைத்து விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அவள் என்மேல் கை வைப்பதற்கு முன்னால் நானே சிங்களத்தில் சொன்னேன். சேலைக்குள் வயர் இருக்கிறது, கேமரா வயர், கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போகிறேன் என்றேன். கடையில் விலை கேட்கிற குரலில்தான் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். காவலுக்குத் துவக்கோடு நின்ற இரண்டு பேர் கிட்ட வந்தார்கள். அவள் அவர்களைக் கையால் நிறுத்திவிட்டு என்னை ஒரு துணி மறைப்புக்குள் கூட்டிப் போனாள். ஊக்குகளை அவளே கழற்றினாள். வயர் முழுவதும் வெளியே வந்ததும் மூச்சு விட்டாள். உனக்குப் பைத்தியமா என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். கொஞ்சம் சிரித்தாள்.

கேமராவையும் பிளாஷையும் திருப்பித் தந்தார்கள். வயரைத் தரவில்லை. பெரிய அதிகாரி வந்து பார்க்க வேண்டுமாம். காத்திருந்தால் கல்யாணம் முடிந்துவிடும். விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறினேன்.

கல்யாண வீட்டில் லாத்தாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை உட்காரவைத்து ஒரு கோப்பை பிளேன்டீ தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை படத்தைப் பற்றிப் பேசவில்லை. பிறகுதான் கேட்டார்.

“இப்ப கண்ணு?”

பிளாஷைக் கேமராவின் தலையில் வைத்தால் படம் வரும். கண் வராது. மகள் பட்டுச் சேலையில், கண்ணாடியோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். நான் பிளாஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதன் முதுகில் ஒரு பொத்தான் இருக்கிறது. வேலை செய்கிறதா என்று பார்க்க அமுக்குவது. அமுக்கினால் வயர் இல்லாமலே அடிக்கும். கேமராவிலோ பி என்று ஓர் எழுத்து இருக்கிறது. அதில் வைத்து அமுக்கினால், கையை எடுக்கும்வரை கேமரா திறந்தே இருக்கும். கோயில் திருவிழாவில் லைட் சோடனை அலங்காரத்தை என் வீட்டுக்காரர் அப்படித்தான் எடுப்பார். அறை இருட்டாக இருந்தால், ஒரு ஆள் கேமராவைத் திறந்து பிடிக்க, இன்னொரு ஆள் பிளாஷை எங்கிருந்தும் அடிக்கலாம். பிளாஷ் அடித்த அந்த நொடி மட்டும்தான் பிலிமில் விழும்.

கேமராவை அமுக்க லாத்தாவிடம் சொன்னேன்.

“நானா? எனக்கு டீவியே போடத் தெரியா தங்கச்சி.”

“தெரிய வேணாம் லாத்தா. நான் இப்பன்னு சொன்னதும் அமுக்குங்க. போதும்னா விடுங்க.”

ஜன்னல் பலகைகளைச் சாத்தினோம். கதவுக்குப் போர்வை போட்டோம். ஓட்டு இடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது, அது பரவாயில்லை. கேமராவை மேசையில் தலையணை மேல் வைத்து, மகளின் கண்ணுக்குப் போகஸ் பார்த்துவிட்டுத்தான் கடைசிப் பலகையைச் சாத்தச் சொன்னேன். அறை நிறையப் பெண்கள். இருட்டானதும், மாப்பிள்ளை வருவதற்கு முந்தியே விளக்கை நூத்துவிட்டார்களே என்று ஒருத்தி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். லாத்தா அதட்டியதும் அடங்கினார்கள்.

நான் பிளாஷை எடுத்துக்கொண்டு நடந்தேன். வயர் இருந்தால் ஒரு கைத் தூரம்தான் போகலாம். இப்போது அலமாரி வரைக்கும் போனேன். மகளுக்கு இடது பக்கமாக, கொஞ்சம் உயரப் பிடித்தேன். இப்ப என்றேன். கிளிக் என்றது. அடித்தேன். போதும் என்றேன். பிறகு வந்து பிலிமைச் சுற்றிவிட்டு, இன்னோர் இடத்துக்குப் போனேன். லாத்தாவின் கை முதலில் பயந்து பயந்து அமுக்கியது. போகப் போகப் பழகிவிட்டது. கடைசியில் அவரே பேசினார்.

“மகள், நிமிந்து வாப்பாவப் பாருங்க.”

அவள் கேமராவைப் பார்த்து நிமிர்ந்திருக்க வேண்டும். இருட்டில் எனக்குத் தெரியவில்லை. நான் இப்ப என்று சொல்லவில்லை. லாத்தாவே அமுக்கிவிட்டார். நான் அடித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸை நிறுத்திய இடத்தில் வயரைக் கேட்டேன். ஆட்கள் மாறியிருந்தார்கள், யாருக்கும் தெரியவில்லை. பிறகு வேறொன்று வாங்கினேன். அதைப் பையில், கேமராவுக்கு மேலே, திறந்ததும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு போனேன்.

கழுவி வந்த படங்களை நானும் என் வீட்டுக்காரரும் ஜன்னலடியில் வைத்துப் பார்த்தோம். லாத்தா தானாக அமுக்கிய படத்தை அவர் தனியாக எடுத்து வைத்தார். கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் இருந்தன. ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் மெல்லிய நிழல். அழப்போகிற மாதிரியும் இருந்தாள், சிரிக்கப்போகிற மாதிரியும் இருந்தாள். எந்த வயரில் எடுத்தாய் என்று கேட்டார். வயரே இல்லை என்றேன்.

சில மாதம் கழித்து லாத்தா ஸ்டூடியோவுக்கு வந்தார். புருஷன் சவூதியிலிருந்து பேசினாராம். படம் எடுத்தது யார் என்று கேட்டாராம்.

“நான்தான் எண்டேன். பொய்யா தங்கச்சி?”

“பொய் இல்ல. அமுக்குனது நீங்கதானே.”

புருஷன் நம்பவில்லையாம். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் இது தெரியாமல் போனதே என்றாராம். அதைச் சொல்லும்போது லாத்தா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அதே படம் பெரிதாக ஒன்று வேண்டும் என்றார். சவூதியில் புருஷனுடைய கட்டிலுக்கு நேரே சுவரில் ஒட்டவாம். எந்த அளவில் போட என்று கேட்டேன்.

படுத்துக்கொண்டு பார்த்தாலும் கண் தெரிய வேண்டும் என்றார்.