ஏரிப் பக்கத்தில் இரண்டு வரி

தோர்லெய்வைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. முப்பது வருஷம் படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவர். ஓய்வு பெற்றதும் இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரைகளை நீக்கச் சொல்லும் வேலையைச் சம்பளமில்லாமல் எடுத்துக்கொண்டார். எங்கள் ஊர்க் கால்பந்துக் குழுவுக்கும், நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கும் அதில் கட்டுரை இருந்தது. இப்போது இல்லை. அவர் கைங்கரியம்.

போன மார்ச்சில் எங்கள் ஊர்க் குன்வோர் அதில் ஒரு கட்டுரை எழுதினார். 1978இல் அவருடைய கணவர் ஆஸ்முண்ட் ஓட்டிய சிறு நீர்விமானம் ஹோல்வான் ஏரியில் விழுந்தது. கூடப் போன நில அளவைக்காரர்கள் இருவரும் நீந்திக் கரையேறினார்கள். ஆஸ்முண்ட் செத்துப்போனார். உள்ளூர்ப் பத்திரிகை மூன்று நாள் எழுதியது, மூன்றாம் நாள், "விமானி குடித்திருந்தாரா?" என்று கேட்டது. இரண்டு வருஷம் கழித்து வந்த விசாரணை அறிக்கை, கார்புரேட்டரில் பனி உறைந்து எஞ்சின் நின்றது, விமானி குடிக்கவில்லை என்றது. அதை யாரும் அச்சிடவில்லை. ஊர் இன்றும் அந்தக் கேள்வியைத்தான் நம்புகிறது, அதுவும் கேள்விக்குறி இல்லாமல்.

கட்டுரை வந்த மறுநாளே தோர்லெய்வ் அதை நீக்கக் கோரினார். அங்கே முறை இதுதான்: ஏழு நாள் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லலாம், பிறகு சம்பந்தமில்லாத ஒருவர் முடிவெடுப்பார்.

குன்வோர் அவரை நூலகத்திலேயே பிடித்துக்கொண்டார்.

"உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? என் வீட்டு வாஃபிளத் தின்ன வாய்தானே இது?"

"வாஃபிள் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மூணு நாள் வந்தா அது செய்தி, கட்டுரை இல்ல. விபத்தால சட்டம் எதுவும் மாறல. செத்ததும் ஒருத்தருதான்."

"எனக்கு இருந்ததே அந்த ஒருத்தருதான்."

தோர்லெய்வ் கண்ணாடியைத் துடைத்தார். ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். நூலகத்தில் சத்தம் கூடாது.

செவ்வாய்க்கிழமை தேவாலயப் பாடகர் குழு, பயிற்சி முடிந்த கையோடு, பதினொரு பேராக வந்தது. எங்களிடம் இருக்கும் ஒரே கணினியில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கணக்குத் திறந்து, "கட்டுரை இருக்கட்டும்" என்று எழுதிவிட்டுப் போனார்கள். காப்பி போட்டுக் கொடுத்தது நான்தான். மறுநாள் ஓஸ்லோவில் எவனோ ஒரு கலைக்களஞ்சிய நிர்வாகி பதினொன்றையும் அடித்துவிட்டான். ஒரே கணினி, ஒரே மாலை, ஆகவே ஒரே ஆள், அதுவும் குன்வோர்தான் என்பது அவன் முடிவு. குன்வோரின் கணக்கும் முடக்கப்பட்டது.

"அவரு குடிகாரரு, நான் பித்தலாட்டக்காரி. நல்ல ஜோடி," என்று என் மேசையில் சாய்ந்து அழுதார்.

அன்று மாலை தோர்லெய்வ் அங்கே எழுதியதை அச்செடுத்து வைத்திருக்கிறேன்: "இவர்கள் பதினொரு தனி மனிதர்கள். நானும் அதே குழுவில் பாடுபவன். மூன்றாவதாக எழுதிய அம்மாளுக்குச் சுருதி சேராது, ஆனால் அவர் இருக்கிறார். குன்வோரின் கணக்கைத் திறந்துவிடுங்கள். பதினொன்றிலும் காரணம் ஒன்றுகூட இல்லாததால் என் கருத்தில் மாற்றமில்லை: நீக்கலாம். அறிக்கை சொன்னது மட்டும், சான்றோடு, ஏரியைப் பற்றிய கட்டுரைக்குப் போகட்டும்."

ஏழாம் நாள் அப்படியே முடிவானது.

"நாலு மாசம் உக்காந்து எழுதினேன், படுபாவி. ரெண்டே வரியா?"

"உன் கட்டுரைய நம்ம ஊர்ல பதினஞ்சு பேரு பாத்தாங்க. ஏரிப் பக்கத்த மீன் பிடிக்கிறவன் பூரா பாக்குறான்."

"போய்யா," என்றார் குன்வோர். அப்புறம் அவரோடு பேசவேயில்லை.

ஜூனில் மீன்பிடி தொடங்கியது. குடிகாரக் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஸ்டெய்னார், ஏரியின் ஆழம் பார்க்க எங்கள் கணினியில் உட்கார்ந்தார். குன்வோர் புத்தகம் திருப்பித் தர வந்திருந்தார். ஸ்டெய்னார் உதட்டை அசைத்துப் படித்தவர், சட்டென்று நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"பனியாமே," என்றார், பொதுவாக. "குடிக்கலியாம்."

திரும்பியவர் குன்வோரைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"எங்க போட்டிருக்கு? காட்டு."

ஸ்டெய்னார் விரல் வைத்த இடத்தில் குன்வோர் இரண்டு வரியையும் வாய்விட்டு வாசித்தார். பிறகு இன்னொரு தடவை, இன்னும் உரக்க. நூலகத்தில் சத்தம் கூடாது என்று நான் சொல்லவில்லை.