எட்டு மணி நேரத்துக்கு எத்தனை முழம்

ஏழாம் வகுப்பில் நேர்விகிதம் நடத்திய வாரம் நான் தலைகால் தெரியாத சந்தோஷத்தில் இருந்தேன். ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கும். எதைக் கேட்டாலும் சட்டென்று விடை சொன்னேன்.

அண்ணன் வேலூருக்கு வேலைக்குப் போனபின் அவனுடைய தறி என்னிடம் வந்தது. பள்ளிக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம் நெய்வேன். ஒருநாள் அப்பா, நான் நெய்த பட்டுத்துணியை முழங்கை வைத்து அளந்தார்.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு முழம். எட்டு மணி நேரம் குந்தினா எவ்ளோ?”

“நாலு முழம்பா!”

“அப்போ இந்தக் கோடை லீவோட ஸ்கூல நிறுத்திக்கோ. தறியில நீதான் குந்தணும்.”

என் சிரிப்பு முகத்திலேயே உறைந்துவிட்டது. அடுப்படியிலிருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பினாள். அந்த விடையை நானே ஆசையாக எடுத்துக் கொடுத்தேன் என்பதுதான் தாங்கவில்லை.

லீவு தொடங்கியது. எங்களுடையது குழித்தறி. நெய்ய உட்கார்ந்தால் இடுப்பு வரை தரைக்குள் இருக்கும். காலை ஒன்பதுக்கு இறங்கினால், சோற்றுக்கு எழுவதைத் தவிர மாலை வரை அதற்குள்தான். உச்சி வேளையில் மிதிக்கும் கால் மரத்துப்போகும். வியர்த்த விரல்களில் இழை அறும்.

நாலு முழம் வரவில்லை. ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் துணி ஓரத்தில் ஒரு நூல் முடிந்து வைத்துப் பார்த்தேன். முதலில் ஒரு முழம், அடுத்து முக்கால், பிறகு அரை, கடைசியில் கால். எல்லாம் சேர்ந்து இரண்டரைதான். நேர்விகிதமென்றால் வகுத்து வரும் ஈவு மாறக்கூடாது. இங்கே ஒவ்வொரு முறையும் குறைந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன்.

“இது நேர்விகிதம் இல்லப்பா. நீங்க கேட்டதுக்கு நான் தப்பா சொல்லிட்டேன்.”

முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் குனிந்து, நிதானமாகப் பார்த்தார்.

“சரி, நாலு இல்ல. ரெண்டரை. ரெண்டரை பெருசா, ஸ்கூலுக்குப் போனா வர்ற ஒண்ணு பெருசா?”

நான் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன்.

வாசல் வரை போன அப்பா திரும்பி வந்தார். “கடைசி ரெண்டு மணி நேரம் இழைய அறுத்துகினு பேஜார் பண்ற. நாலு மணிக்கே எழுந்துக்கோம்மா.”

கணக்கால் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஜூனில் பள்ளி திறந்தது. நாலு மணிக்கு வாசலில் வந்து நின்றால், அதே நேரத்துக்கு என் வகுப்புப் பெண்கள் பையை மாட்டிக்கொண்டு தெருவில் வந்தார்கள்.

“ஏன்டி வர்றதில்ல?”

“காய்ச்சல்” என்றேன். அடுத்த வாரமும் கேட்டார்கள். அதற்குப்பின் தெரு அடங்கும்வரை குழியை விட்டு எழவில்லை. சும்மா உட்கார முடியாமல், ஊடுநூல் ஓட்டும் நாடாவை எறிந்துகொண்டிருந்தேன். அப்பா பார்த்தார், வேண்டாமென்று சொல்லவில்லை. சில நாளில் மறுபடியும் எட்டு மணி நேரமே வழக்கமாயிற்று. கல்யாணமாகிப் போளூர் போகும்வரை அந்தத் தறியில் நான்தான் இருந்தேன்.