எட்டுத் தகரம்

காயத்துக்குக் கட்டுப்போடும் அறையின் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க நான் முட்டுக்கொடுத்து வைத்திருப்பது ஒரு கிலோ எடைக்கல். நல்ல இரும்பு, ஓரத்தில் சின்னதாக மூளி. புதிதாக வேலைக்கு வரும் பெண்கள், இது ஏது சிஸ்டர் என்று கேட்பார்கள். ஒரு மண்டையிலிருந்து எடுத்தது என்பேன். நான் எதையும் முகத்தில் அடித்தாற்போலச் சொல்கிறவள் என்பதால் விளையாட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்தக் கல் மண்டைக்குள் போகவில்லை. நான்கு விரற்கடை தோலைக் கிழித்து எலும்பை வெள்ளையாகக் காட்டிவிட்டுக் கீழே விழுந்தது. பதினோரு தையல் போட்டேன்.

நான் ராசிபுரத்துப் பக்கம். மலைமேல் குண்டூர் நாடு என்று சொல்லும் பகுதியில் இருக்கும் இந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நர்சாக மலையேறி வந்தவள், இறங்கவே இல்லை. இந்தக் கல் என்னிடம் வந்தது, கொரோனாவுக்காக ஊரை அடைத்துப் போட்டிருந்த மாதங்களில். பஸ் இல்லை, மிளகு வாங்க ஆள் இல்லை. குடும்ப அட்டைக்கு இரண்டு தவணையாக நிவாரணப் பணம் என்று அரசாங்கம் சொன்னது. அரசாங்கம் காசு கொடுத்தால் ஜனங்கள் செலவழிப்பார்களா, சேர்த்து வைப்பார்களா, விலைவாசி ஏறுமா என்றெல்லாம் படித்தவர்கள் பேப்பரில் எழுதுகிறார்கள். எனக்கு அதெல்லாம் தெரிந்தது தையல் ஊசி வழியாகத்தான். ரேஷன் கடையில் பணம் கொடுத்த அன்று மத்தியானமே காட்டுச் சாராயத்தின் விலை ஏறியது. நேற்று வரை ஒரு பாட்டிலுக்குப் போதுமாயிருந்த காசு அரைப் பாட்டிலுக்குக்கூடக் காணவில்லை. குறைந்த காசைப் பெண்டாட்டியின் மடியிலிருந்து பிடுங்கினார்கள். அந்த வாரம் மூன்று பெண்களுக்கு உதடு தைத்தேன். ஒருத்திக்குக் காது தொங்கிப்போயிருந்தது.

மேட்டுவீட்டு அக்கா வந்தபோது இடது கண் மூடிக்கிடந்தது, முழங்கை திரும்பியிருந்தது. புருஷன் உலக்கையால் அடித்திருக்கிறான். பணத்தை மட்டும் அக்கா விடவில்லை. வியர்வையில் நனைந்த நோட்டுகளை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்து என் மேஜைமேல் வைத்தார். அவருக்கு வேண்டியது எட்டுத் தகரம். வீட்டுக் கூரைப்புல் மாற்றி மூன்று வருஷமாகி, வானம் தெரிய ஆரம்பித்துவிட்டது. மகள் மாசமாக இருந்தாள், ஆடியில் பிரசவம். ஆடி மழைக்கு முன்னால் கூரை மாற வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

"இந்தக் காசுக்கு நாலு வருமுங்க, நர்சம்மா. பாதி ஊட்டுக்காச்சும் போட்டுப்புடறனுங்க" என்றார்.

நான் விட்டேனா? "நாலு வாங்கினா அந்த ஆளு மறுநாளே அதை வித்துக் குடிப்பாரு. ரெண்டாவது தவணையும் வரட்டும். சேர்த்து வெச்சு எட்டையும் ஒரே நடையில வாங்கி, அன்னைக்கே ஆணி அடிச்சிருங்கக்கா."

"காசு கையில இருக்கறப்பவே வாங்கிப்புடணும் கண்ணு. காசு நிக்காதுங்க."

"என்கிட்ட நிக்கும். குடுங்க" என்று அதட்டி வாங்கினேன். சிறுவாடு சேர்த்தே குடும்பத்தை நிமிர்த்திய அம்மாவுக்குப் பிறந்தவள் நான். சேமிப்பைப் பற்றி இன்னொருத்தர் சொல்லிக் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. உப்புச்சர்க்கரைப் பொட்டலம் வந்த காலி அட்டைப் பெட்டிக்குள் பணத்தை வைத்து, மருந்து அலமாரியில் பூட்டினேன். பிறகுதான் அவர் கைக்குக் கட்டுப் போட்டேன்.

பத்து நாளில் மோப்பம் பிடித்துக்கொண்டு புருஷன் வந்தான். பட்டப்பகல், கையில் கொடுவாள். கதவைச் சாத்திக் கட்டிலை நகர்த்தி முட்டுக்கொடுத்தேன். ஜன்னல் கண்ணாடி நொறுங்கி உள்ளே வந்து என் புருவத்தைக் கிழித்தது. "என்ற ஊட்டுக் காசு, எடுடி" என்று கம்பி வழியாகக் கொடுவாளை விட்டுத் துழாவினான். குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடும் இரும்புக் கம்பியை எடுத்து அவன் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொன்று போட வேண்டும் போலிருந்தது, போட்டேன். பிறகு கொடுவாளை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டு அவனுக்கே மாவுக்கட்டும் போட்டேன். கண்ணாடியைப் பார்த்து என் புருவத்துக்கு நானே ஒட்டுப் போட்டுக்கொண்டேன். பணம் பத்திரமாக இருந்தது. அந்தப் பெருமையில் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

இரண்டாம் தவணை வந்த வாரம் வானம் கருத்துவிட்டது. அக்கா என்னிடமிருந்த பணத்தையும் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனார். இரண்டு மணி நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. முன்சீட்டில் கடைக்காரர், தலையில் கட்டியிருந்த துண்டு சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் அக்கா, கழுத்தில் ஐந்து விரலும் பதிந்து, கட்டு அவிழ்க்காத கையைப் பிடித்துக்கொண்டு. மலையில் அன்று ஓடிய ஜீப் அது ஒன்றுதான். அடித்தவரும் அடிபட்டவரும் அதில்தான் வந்தாக வேண்டும்.

ஊசி ஏறும்போதும் இருவரும் வாயை மூடவில்லை.

"போன மாசம் நாலு குடுத்த காசுக்கு இப்ப ரெண்டரையா? அரைத் தகரத்த என்ன, அறுத்தா குடுப்ப?" என்றார் அக்கா.

"அதுக்கு எடைக்கல்லத் தூக்கி அடிப்பியா?"

"கழுத்தப் புடிச்சுத் தள்ளுனது ஆரு?"

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சிஸ்டர். கீழருந்து லாரி ஏற மாட்டீங்குது. ஏறுனா ரெட்ட வாடகை. நாப்பது ஊட்டுக்காரங்க ஒரே நாள்ல காசத் தூக்கிட்டு வந்து நிக்கறாங்க, எங்கிட்ட இருக்கறது இருவது தகரம். வெல ஏறாம என்ன பண்ணும்? மொதத் தவணையில வந்தவங்க எல்லாம் பழைய வெலைக்கு வாங்கிட்டுப் போயிட்டாங்க. இந்தம்மா ஒரு மாசம் எங்க போச்சு?"

அக்கா என்னைப் பார்த்தார். நூலை இழுத்து முடிச்சுப் போட்டேன். அந்த முடிச்சு அவிழ்ந்து, மறுபடி குத்த வேண்டியதாயிற்று. சீ, நீயெல்லாம் பெரிய புத்திசாலி என்று எனக்கே என்மேல் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

போலீசுக்குப் போகாமல் ஊர்க்காரர்களே பேசி முடித்தார்கள். இரண்டு தவணைக்கும் சேர்த்து ஐந்து தகரம் கிடைத்தது. ரத்தம் பட்ட கல்லில் மிளகு நிறுத்தால் வியாபாரம் விளங்காது என்று, சாட்சிக்கு என்று ஜீப்பில் கொண்டுவந்திருந்த அந்த எடைக்கல்லைக் கடைக்காரர் இங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

மீதித் தகரத்துக்கு நான் பணம் தருகிறேன் என்றேன். "வேண்டாமுங்க. கடையில தகரமே இல்லீங்க" என்றார் அக்கா. ஐந்தையும் மகள் படுக்கும் பக்கத்துக்குப் போட்டார். தான் புல்லுக்குக் கீழே படுத்தார். ஆடியில் பேரன் பிறந்தான். எட்டாம் நாள் மழையில் ஊறிய மண்சுவர் அப்படியே அவர்மேல் சரிந்தது. போர்வையில் மூங்கிலைக் கோத்து நான்கு பேர் தூக்கி வந்தார்கள். சேலையெல்லாம் சேறும் ரத்தமும். இடுப்பெலும்பு இரண்டாக உடைந்திருந்தது. வலியில் என் முன்கையைக் கடித்தார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இப்போது பெண்களுக்கு மாசாமாசம் பணம் வருகிறது. செல்போனில் செய்தி வந்த அன்றே அக்கா ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து கடைக்குப் போய்விடுவார். எண்ணெய், பருப்பு, பேரனுக்குச் சட்டை என்று பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுவார். ஒரு ரூபாய் மிச்சம் வைப்பதில்லை. போன வாரம் வலி மாத்திரைக்கு வந்தவர், பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவடியில் இருந்த கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாவமுங்க அந்தக் கடைக்காரரு. அவுரு தலையில போட்டிருக்கக் கூடாதுங்க."

"விடுங்கக்கா. பழைய கதை."

"உங்க தலையில போட்டிருக்கோணும், நர்சம்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றில் கதவு கொஞ்சம் நகர்ந்திருந்தது. கல்லைக் காலால் தள்ளிக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு மாத்திரை எடுக்கப் போனேன்.