சுசீலா வீட்டுச் சட்டைகள்

மகன் ராஜிக் காய்ச்சலில் கிடந்தான் என்று ஷம்சியா ஆஸ்பத்திரிக்கு ஓடிய அன்று அரபு நாட்டு மங்காஃபில் மணல்காற்று அடித்தது. மொட்டைமாடிக் கொடியில் அவள் வீட்டுத் துணி முழுக்கக் கிடந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால், கதவுப் பிடியில் ஒரு பை. உள்ளே எல்லாம் மடித்து இருந்தது. மகள் ஆலியாவின் பள்ளிக்கூடப் பாவாடையில் அறுந்து தொங்கிய கொக்கியையும் யாரோ தைத்திருந்தார்கள். நாலு நாள் கழித்து வாட்ச்மேன் ஹஸ்னைன் சொல்லித்தான் அது எதிர்வீட்டு சுசீலா என்று தெரிந்தது. சுசீலா அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

அப்படிப்பட்டவள் மேல்தான் ஷம்சியாவுக்குப் பொறாமை வந்தது.

சுசீலா திருச்சிக்காரி. புருஷன் சேதுமாதவன் எண்ணெய்க் கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை. காலையில் ஷம்சியா பஜ்ர் தொழுது முடிக்கும்போது எதிர்வீட்டுச் சலவை மெஷின் ஓடத் தொடங்கிவிடும். சுசீலா சட்டைகளை உள்புறம் வெளியே திருப்பிப் போடுவாள். வெயிலில் காட்டமாட்டாள், தண்ணீர்த் தொட்டி நிழலில் உதறி, கையால் நீவிக் காயப்போடுவாள். அந்த வீட்டுத் துணிக்கு வயசே ஆகவில்லை.

ஷம்சியாவின் கணவர் செய்கு முகம்மது ஃபஹாஹீலில் அத்தர் கடை வைத்திருப்பவர். சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சு.

"சேது சார் அந்த நீலச் சட்டைய நாலு வருசமா போடுறாரு. நேத்து எடுத்த மாதிரி இருக்கு. என் சட்டை ஆறு மாசத்துல தரை தொடைக்கப் போயிருது. ஒன் மெஷினுக்கும் எனக்கும் என்ன பகை புள்ளே?"

ஷம்சியா ஒருநாள் மானத்தை விட்டு சுசீலாவிடமே கேட்டாள்.

"நீ என்ன பவுடர் போடுறே சுசீலா?"

"எல்லாரும் போடுறதுதான்க்கா. அதுலயும் பாதிதான். தண்ணியப் பாத்துக்கிட்டா போதும்."

ஷம்சியா நம்பவில்லை. ஏதோ உசத்திப் பவுடரை மறைக்கிறாள் என்றே நினைத்தாள். சுசீலா வாசலில் வைக்கும் குப்பைப் பையைக்கூட ஒருநாள் விரலால் விலக்கிப் பார்த்தாள். காலி டப்பா ஒன்றும் இல்லை. தொழுகையில் கை கட்டி நின்றாலும் அந்த நீலச் சட்டை கண்ணுக்குள் வந்து நின்றது. அதுதான் அவளை மிகவும் வருத்தியது.

அந்த ஜூலையில் செய்கு முகம்மதுவின் தங்கை மகனுக்கு நிக்காஹ். அதற்கென்று எடுத்த சந்தன நிறச் சட்டை. யாரும் குறை சொல்ல முடியாதபடி துவைத்துக் காட்டுகிறேன் என்று, மதியம் இரண்டு மணிக்கு, விலை கூடின பவுடரை இரண்டு மடங்கு கொட்டி, ஆலியாவின் சிவப்புத் துப்பட்டாவோடு சேர்த்துப் போட்டாள். சூடாக்காத பச்சைத் தண்ணீரில்தான் மெஷினைத் திருப்பி வைத்தாள். எடுத்தபோது சட்டை மாதுளம்பழச் சாறு கொட்டினதுபோல் இருந்தது.

செய்கு முகம்மது அதைத் தூக்கிப் பார்த்தார். "சேது சாருகிட்ட ஒண்ணு இரவல் கேக்கட்டுமா?" என்றார்.

அந்த வேகத்திலேயே சட்டையோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். "எட்டு வருசமா எதிர்வீட்ல இருக்கே, தெரிஞ்சுக்கிட்டே மறைச்சியே. இப்ப மனசு நெறஞ்சுச்சா?"

சுசீலா கோபப்படவில்லை. கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப் போனாள். மூடி போட்ட நாலு வாளிகளில் தண்ணீர் நின்றது. "நேத்து சாயங்காலமே புடிச்சு ஆற வச்சது. காலையில மெஷின்ல ஊத்தினது போக மிச்சம். வெயில்காலத்துல பச்சைத் தண்ணிக் குழாயில என்னக்கா வருது? மேல தொட்டியில கொதிச்சதுதானே வருது."

ஷம்சியா வாளிக்குள் கையை விட்டாள். குளிர்ந்தது. அவள் வீட்டிலும் இப்படி ஒரு வாளி உண்டு. ஜூலையில் குழாயடியில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுத்தால் கை வெந்துவிடும் என்று முந்தின நாளே பிடித்து வைப்பது. தன் கைக்குப் பார்த்தவள் துணிக்குப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவளும் வாளியில் பிடித்தாள், பாதிப் பவுடர் போட்டாள். சட்டைகள் நிறம் போகாமல் நின்றன. செய்கு முகம்மது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. குறை சொல்வதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். பொறாமையும் போகவில்லை. சொல்லிக் கொடுத்தவள் என்கிற பெருமையும் சுசீலாவுக்கே போனதே என்று மனசு முனகியது.

மறு வருஷம் சேதுமாதவனுக்கு வேலை முடிந்தது. ஊருக்குப் புறப்படுகிற அன்று பெட்டிகள் லிப்டில் இறங்கின. மனசில் இந்த அழுக்கை வைத்துக்கொண்டு சுசீலாவை அனுப்பிவிட்டு எப்படித் தொழுகையில் நிற்பது என்று ஷம்சியா வாசலில் அவள் கையைப் பிடித்தாள்.

"ஒன் மேல எனக்கு ரொம்பப் பொறாமை சுசீலா. அல்லாவுக்காகப் பொறுத்துக்க."

சுசீலா படிக்கட்டு ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். சேதுமாதவன் கீழே டாக்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணன் ஒங்கள வையும்போது கதவுக்குப் பின்னால நின்னு கேப்பேன்க்கா. போட்டிருக்கிற சட்டையத் திரும்பிப் பாக்கிற மனுசன் கெடைச்சிருக்காரேன்னு எனக்குந்தான் வயிறு எரியும். எங்க வீட்ல கல்யாணமாகிப் பதினாலு வருசமா யாரும் பாத்ததில்ல."