கரமனையிலிருந்து கல்லாறு: நான் சைக்கிளில், அக்கா பின்னால் தப்பு எண்ணிக்கொண்டு

கரமனையிலிருந்து, பொன்முடி அடிவாரத்திலுள்ள கல்லாற்றுக்குச் சைக்கிளில் போக முடியுமா என்று இந்த வலைப்பூவைப் படிக்கிறவர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. முடியும். என் மீட்டரில் 46 கிலோமீட்டர் காட்டியது. நான் ஜனவரியில், இரண்டாம் சனிக்கிழமை விடுமுறையில் போனேன். சும்மா போகவில்லை. வழியெல்லாம் பரீட்சை எழுதிக்கொண்டே போனேன். பரீட்சை வைத்தவள் என் அக்கா பத்மா.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஜூனில் ஒரு மழை நாள். அக்கா கரமனையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் புகுந்து வந்த ஒரு சைக்கிள்காரன் அவளை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டான். வலது மணிக்கட்டு முறிந்து ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. இன்றைக்கும் ஊறுகாய் பாட்டில் மூடியை அவளால் திருகித் திறக்க முடியாது.

கட்டுப் பிரித்ததும் அக்கா செய்த முதல் வேலை, எங்கள் தெரு குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் ஒரு மனு எழுதியது. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்க வேண்டும், சைக்கிளுக்கு நம்பர் வேண்டும், மீறினால் அபராதம் போட வேண்டும். தெருவே கையெழுத்துப் போட்டது. நான் போடவில்லை. நாற்பத்தாறு வயதில் சைக்கிள் வாங்கி, இரண்டு வருடமாக ஆபீஸுக்கு அதில் போய்வருகிற எனக்கு அது என் மேலேயே எழுதிய மனுவாகப் பட்டது. "ஒருத்தன் பண்ணினதுக்கு ஊர்ல இருக்கற சைக்கிளையெல்லாம் கூண்டில ஏத்தணுமா?" என்று கேட்டுவிட்டேன். வலிக்கிற கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது.

அன்றிலிருந்து, அதாவது தீபாவளியிலிருந்து, அக்கா என்னோடு பேசவில்லை. நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். வாசலில் என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுவாள். எனக்கு இருப்பது ஒரே அக்கா, அழுகை வந்த நாட்களும் உண்டு.

எங்களுக்கு நடுவே தூது போனவர் அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர். நான் கல்லாறு போகப்போவதாகச் சொன்னதும் அக்காவிடமிருந்து ஒரு பந்தயத்தோடு திரும்பி வந்தார். அக்கா சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

"அவ சட்டப்படிதான் ஓட்டறேன்னு பீத்திக்கறா அல்லே? நாம கார்ல பின்னால போவோம். வழி முழுக்க நான் எண்றேன். அஞ்சு தப்புக்கு மேல போச்சுன்னா, மறுபேச்சு பேசாம மனுவில ஒப்பு போடணும். சம்மதமான்னு கேளுங்கோ."

இங்கே எங்கள் வீடுகளில் மலையாளம் கலந்து, கையெழுத்து எப்போதோ 'ஒப்பு' ஆகிவிட்டது. சம்மதம் என்றேன். ஸ்கூட்டர் லைசென்ஸுக்கு முதல் தடவையிலேயே கால் ஊன்றாமல் 'எட்டு' போட்டுப் பாஸானவள் நான். அந்தத் திமிர்தான்.

காலை 5.40க்குக் கிளம்பினோம். முன்விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, தலைக்கவசம், மணி, எல்லாம் சரி. பதினைந்து வருடப் பழைய காரில் அத்திம்பேரும் அக்காவும். அக்காவின் மடியில் இட்லி டப்பா, அதன்மேல் ஒரு வெள்ளைத் தாள்.

முதல் தப்பு வீட்டிலிருந்து பத்தாவது நிமிடத்திலேயே நடந்தது. ஆரியசாலையில் மொத்தக்கடைகளுக்குச் சரக்கு இறக்கும் லாரிகள் வழியை அடைத்து நின்றன. தினமும் செய்வதுபோல ஒருவழிச் சந்து ஒன்றில் எதிர்ப்பக்கமாக நுழைந்து மறுமுனையில் வெளியே வந்தேன். கார் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. ஜன்னல் வழியாக அக்காவின் பேனா அசைந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் அது ஒருவழி என்பதே அந்த நிமிடம் வரை என் மனதில் இல்லை. சைக்கிளில் ஏறினால் பாதி வண்டிக்காரி, பாதி நடக்கிறவள் ஆகிவிடுகிறேன். எந்த நேரத்தில் எது சௌகரியமோ அது.

பாளையம் 6.10, பேரூர்க்கடை 6.35. வெள்ளயம்பலம் சிக்னலில் சிவப்பு விழுந்தபோது ரோடு காலியாக இருந்தது, மெதுவாக உருண்டு கடந்துவிட்டேன். இரண்டு. பேரூர்க்கடை ஏற்றத்தில் கை காட்டாமல் வலப்பக்கம் திரும்பினேன். மூன்று. அதே நேரம் அத்திம்பேர் என் பின்னாலேயே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து, அவருக்குப் பின்னால் எட்டு வண்டிகளைச் சேர்த்து, எல்லோரிடமும் ஹாரன் வாங்கிக் கட்டிக்கொண்டார். நெடுமங்காட்டை அடைந்தபோது மணி 7.20, தூரம் 20 கிலோமீட்டர். அதற்குள் பேனா இன்னும் பலமுறை அசைந்துவிட்டது, நான் எண்ணுவதை விட்டிருந்தேன். ஒரு கடை வாசலில், பக்கத்து வீட்டுக் கேட்டை மறித்துக் காரை நிறுத்திவிட்டு இட்லி சாப்பிட்டோம். அக்கா எனக்கு மிளகாய்ப்பொடி போட்டாள், ஆனால் டப்பாவை அத்திம்பேர் கையில் கொடுத்துத்தான் என்னிடம் அனுப்பினாள்.

சுள்ளிமானூர் தாண்டியதும் அது நடந்தது. மணி 8.10 இருக்கும். நல்ல இறக்கம், குளிர்ந்த காற்று, ரப்பர் தோட்டங்கள். முன்னால் போன பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. வலப்பக்கம் எதிரே லாரி வந்தது. இடப்பக்கம் பஸ்ஸுக்கும் ரோட்டு ஓரத்துக்கும் நடுவில் மூன்றடி இடம் இருந்தது. வேகத்தை விட மனமில்லாமல் அதற்குள் நுழைந்தேன். இரண்டு வருடத்தில் நூறு தடவையாவது அப்படிப் போயிருப்பேன். படியில் ஒரு கால் தெரிந்தது. பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஹேண்டில்பார் ஒரு தோள்பையில் சிக்கிவிட்டது. பையை மாட்டியிருந்தவர் தடுமாறிப் பஸ்ஸின் பக்கவாட்டில் கையூன்றி நின்றார். நான் விழுந்தேன். பைக்குள் ஏதோ நொறுங்கியது.

"எந்தா சேச்சி, கண்ணு கண்டூடே?" கண் தெரியவில்லையா என்று மலையாளத்தில் கத்தினார்.

கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா ஓடிவந்தாள். என் முட்டியில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் என்னைத் தாண்டிப் போனாள். அந்த மனிதரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கையைக் காட்டுங்கோ. விரலை மடக்குங்கோ. மணிக்கட்டைத் திருப்ப முடியறதா? நன்னாத் திருப்புங்கோ, பாக்கட்டும்."

கீழே கிடந்தபடி நான் அதைப் பார்த்தேன். ஜூனில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அவளை இடித்தவன் ஒருவேளை நல்லவனாகவே இருந்திருக்கலாம், என்னைப்போலவே இறக்கத்தில் காற்று வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம் என்றும் உறைத்தது. வெட்கத்தில் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அவர் பெயர் இசக்கி, திருநெல்வேலிப் பக்கம். விதுராவில் ஒரு வீட்டு வேலைக்குப் போவதற்குப் பஸ் மாற அந்த நிறுத்தத்தில் இறங்கிய கொத்தனார், வயது முப்பத்தைந்து இருக்கும். தமிழைக் கேட்டதும் கோபம் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு ஒண்ணுமில்லக்கா, ரசமட்டந்தான் போச்சு" என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினார். சுவர் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் பட்டை அது, நடுவிலிருந்த கண்ணாடிக் குழாய் உடைந்து நீர் வழிந்திருந்தது. நான் நாலு தடவை மன்னிப்புக் கேட்டேன். நிறுத்தத்துக்கு எதிரே சாயாக்கடை. நான்கு சாயா, 48 ரூபாய்.

அக்கா விடவில்லை. மனுவின் கதையைச் சொல்லி, "நீங்களே சொல்லுங்கோ, சைக்கிளுக்கும் டெஸ்ட் வெச்சு லைசென்ஸ் கொடுத்தா இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்டாள். சாட்சி கிடைத்துவிட்ட சந்தோஷம் அவள் குரலில் தெரிந்தது.

இசக்கி சாயாவை ஆற்றியபடி யோசித்தார். "நானும் தெனம் சைக்கிள்லதான் வாரேன். இன்னைக்கு பஞ்சரு, அதான் பஸ்ஸு. பைக் வாங்க வக்கில்லாமத்தான சைக்கிள்ல போறோம், அதுக்கும் டெஸ்டு வைக்கச் சொல்லுதியளே? ஒருநாள் வேலைய விட்டுட்டு ஆபீஸ் வாசல்ல நிக்கணும், மலையாளத்துல பாரம் எழுதணும். போலீஸு புடிச்சா உங்க தங்கச்சியவா புடிப்பான்? என்னைத்தான் புடிப்பான்."

"அப்போ இடிச்சுட்டுப் போறவாளை என்ன பண்றது?"

"இடிச்சா புடிங்க. இவிய நின்னு மன்னிப்புக் கேட்டாவ, சாயா வாங்கித் தந்தாவ. நிக்காம போனாம் பாருங்க, அவனைப் புடிங்க."

அக்கா காரில் போய் உட்கார்ந்தாள். அத்திம்பேர் இசக்கியையும் ஏற்றிக்கொண்டு முன்னால் போனார். விதுராவில் ஒரு கடையில் புதிய ரசமட்டம் 380 ரூபாய். பணம் நான் கொடுத்தனுப்பினேன், அதற்கு மேல் வாங்க அவர் சம்மதிக்கவில்லையாம்.

தொளிக்கோடு, விதுரா, அங்கிருந்து கல்லாறு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தனியாக ஓட்டினேன். முட்டி எரிந்தது. இனிமேல் எண்ணுவதற்கு ஆளில்லை, ஆனாலும் நின்ற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பின்னால் நின்றேன். அப்படி ஐந்து பஸ். ஒவ்வொன்றுக்கும் நேரமானது அதிகபட்சம் அரை நிமிடம். இந்த அரை நிமிடத்தைச் சேமிக்கத்தான் இரண்டு வருடமாக அப்படி நுழைந்துகொண்டிருந்தேனா என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது. எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை என்பதும் உண்மைதான். சைக்கிள் கடையில் கியர் மாற்றச் சொல்லித்தந்தார்கள், காற்று எவ்வளவு என்று சொல்லித்தந்தார்கள். பரீட்சை என்று ஒன்று இருந்திருந்தால் இதைக் கேட்டிருப்பார்கள், நானும் படித்திருப்பேன்.

10.40க்குக் கல்லாறு. பாலத்தருகே நாலைந்து சின்னக் கடைகள், ஆற்றில் உருண்டைப் பாறைகள், குளிக்காதே என்கிற பலகை. அக்கா ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தாள். அத்திம்பேர் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கப் போயிருந்தார், ஒன்று 12 ரூபாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை?" என்றேன்.

தாளை நீட்டினாள். மூன்று பத்தி போட்டிருந்தாள். என் பெயருக்குக் கீழே ஒன்பது கோடுகள். 'இவர்' என்ற தலைப்பில் அத்திம்பேருக்குப் பதினான்கு. மூன்றாவது பத்தியின் தலைப்பு 'நான்'. அதற்குக் கீழே ஒரே ஒரு கோடு.

"நீ என்ன பண்ணினே? கார்லதானே உக்காந்திருந்தே?"

"இன்னிக்கு இல்லடி." அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஜூன்ல. பஸ் ஸ்டாப்ல நிக்கலை, கேட்டியோ. சிக்னல்ல நின்னுது. மழை, ஸ்டாப்லேர்ந்து திரும்பி நடக்கணுமேன்னு நான்தான் கதவைத் திறக்கச் சொல்லி இறங்கினேன். நாம எல்லாரும் அப்படித்தானே இறங்கறோம். அவன் அங்கே ஆள் இறங்கும்னு நினைச்சிருக்க மாட்டான். நிக்காம போனது மகா பாவமாக்கும், அதை நான் மன்னிக்க மாட்டேன். ஆனா இறங்கினது நான்தான். யாரண்டையும் சொல்லலை."

ஏழு மாதம் அதை ஒளித்துவைத்திருக்கிறாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவளுடைய வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"தோத்துட்டேன், மனுவைக் கொடு, ஒப்பு போடறேன்" என்றேன்.

"வேண்டாம். அந்தக் கொத்தனாரைப் பிடிச்சு நிறுத்தறதுக்கா நான் மனு எழுதினேன்? லைசென்ஸ்ங்கறதை மனுவிலேர்ந்து அடிச்சுடப்போறேன்."

"அடிக்காதே. எனக்குப் பரீட்சை வேணும். யாராவது சொல்லித்தந்திருந்தா நான் அந்த பஸ் இடுக்குல நுழைஞ்சிருக்க மாட்டேன்."

"நீ எட்டு போட்டு பாஸானவதானே? அது உன்னை எங்கே நிறுத்தித்து?"

"அது ஸ்கூட்டருக்கு!"

"பின்னே, ரோடு வேறயா?"

அத்திம்பேர் பழம்பொரிப் பொட்டலத்தோடு வந்தபோது நாங்கள் இருவரும் கத்திக்கொண்டிருந்தோம். காலையில் இருந்ததற்கு நேர்மாறாக, நான் பரீட்சைக்கு, அவள் கொத்தனாருக்கு. மூன்று மாதம் தூது போன மனிதர் ஒன்றும் புரியாமல் நின்றார். பிறகு, பேசிக்கொள்கிறோம் என்பதே போதுமென்று நினைத்தாரோ என்னவோ, உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். என் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிக் காரில் திணித்து மூவரும் ஒன்றாகத் திரும்பினோம்.

மனு இன்னும் முடியவில்லை. இடித்துவிட்டு நிற்காமல் போகிறவனுக்குக் கடுமையான தண்டனை, விளக்கும் மணியும் கட்டாயம், இவற்றில் இருவரும் ஒத்துப்போகிறோம். பரீட்சை பற்றித் தினமும் சாயங்காலம் சண்டை. பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தரலாம், கட்டணமும் விண்ணப்பப் பாரமும் இல்லாமல் என்பது நான் கடைசியாகச் சொன்னது. அவள் யோசிக்கிறாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆறு மணிக்குள் ஊரைத் தாண்டிவிடுங்கள். பேரூர்க்கடை ஏற்றம் மட்டுமே கடினம். விதுராவுக்குப் பிறகு பஞ்சர் கடையை நம்பாமல் டியூப் எடுத்துப் போங்கள். ஆற்றில் இறங்கிக் குளிக்காதீர்கள். கல்லாற்றுக்கு மேலே பொன்முடிக்கு 22 வளைவுகள், நான் ஏறவில்லை. பின்னால் கார் வரவழைப்பது வீண். போக வர எங்களுக்குப் பெட்ரோல் 750 ரூபாய் ஆனது, வழியெல்லாம் வசவும் கிடைத்தது.

முன்னால் பஸ் நின்றால், அது நிறுத்தமானாலும் சிக்னலானாலும், இடப்பக்கம் எவ்வளவு இடம் இருந்தாலும், பின்னால் நின்றுவிடுங்கள். அரை நிமிடந்தான். இறங்குவது என் அக்காவாக இருக்கும்.